பகுதி சபையைக் கூட்டுங்கள்

பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். பகுதி சபைக் கூட்டம்; நகரத்து வார்டின் ஒரு பகுதியில் இருக்கும் வாக்காளர்கள் எல்லோரும் கூட வேண்டிய சபை. வேலை நாள், காலை பதினொன்றரை மணி. வந்திருந்தவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் ஆறு பேர் நகராட்சி ஊழியர்கள், ஐந்து பேர் கவுன்சிலரோடு வந்தவர்கள். உட்கார்ந்த கையோடு நீளமான நோட்டு ஒன்று வரிசையாகக் கைமாறி வந்தது. "வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார் எழுத்தர். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. தீர்மானம் எழுத வேண்டிய இடம் அது. தீர்மானம் என்னவென்று தெரியாமலே அதன் கீழே ஒன்பது கையெழுத்து விழுந்திருந்தது.

பத்தாவதாக நோட்டை வாங்கிய அம்மா பேனாவைத் திறக்கவில்லை. அவர் தெருமுனையில் பாதாளச் சாக்கடை மூடி உடைந்து நாற்பது நாள் ஆகிறது. யாரோ ஒரு புண்ணியவான் வேப்பங்கிளையை ஒடித்து அந்தக் குழிக்குள் நட்டு, நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருக்கிறார். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கிளையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இரவில் தெருவிளக்கு எரியாதபோது அந்தத் துணி யார் கண்ணுக்கும் தெரியாது. "இதை எழுதுங்க சார், எழுதினதும் கையெழுத்துப் போடறேன்" என்றார் அந்த அம்மா. "அது இங்க சொல்ற விஷயம் இல்லம்மா. ஆன்லைன்ல கம்ப்ளெயின்ட் போடுங்க" என்று பதில் வந்தது. "போட்டாச்சு சார். முடிஞ்சுதுன்னு மெசேஜும் வந்துடுச்சு. மூடிதான் வரலை."

இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து டீ வந்துவிட்டது.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு ஊரின் குற்றமாக அது சுருங்கிவிடும். மற்ற ஊர்களின் ஆணையர்களும் மேயர்களும் நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் குடியிருக்கும் வாசகர் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தம்மைத் தாமே கேட்டுப் பார்க்கட்டும். உங்கள் வார்டில் உங்கள் பகுதிக்கான சபைப் பிரதிநிதி யார்? கடைசிக் கூட்டம் எந்தத் தேதியில், எங்கே நடந்தது? அதில் என்ன முடிவானது? மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒரு சபை இருப்பதே தெரியாதவர்கள்தான் மிகப் பலர். இந்த அறியாமைக்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. நகராட்சி நிர்வாகத் துறை, மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள், அவற்றில் மக்கள் வாக்கால் உட்கார்ந்திருக்கும் மன்றத்தினர் ஆகிய அனைவரையும் இதற்காகக் கண்டிக்கிறோம்.

கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபைக்கென்று ஆண்டில் ஆறு நாள் உண்டு. குடியரசு தினம், தண்ணீர் தினமான மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம். தேதி முன்கூட்டியே ஊருக்கே தெரியும். கிராம சபை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கும் வெற்று நோட்டில் கையெழுத்து வாங்குவது உண்டு, கோரம் இல்லாமல் ஒப்பேற்றுவதும் உண்டு. ஆனால் கேட்க வேண்டும் என்று துணிந்தவருக்கு ஒரு நாளும் ஒரு மரத்தடியும் அங்கே நிச்சயமாக இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை ஏற்காத ஏகனாபுரம் மக்கள் தங்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். திட்டம் சரியா தவறா என்பது வேறு வழக்கு. அந்த ஊரின் சொல் அரசுப் பதிவேட்டில் ஏறியது. யாரும் அதை இல்லை என்று சொல்ல முடியாது.

நகரத்தில் நிலைமை வேறு. கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட வடசென்னை மக்கள் என்ன செய்தார்கள்? தெருவில் இறங்கினார்கள். தலைமுறைகளாக நகரத்தின் குப்பையைத் தங்கள் வாசலில் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். எங்கள் பகுதிக்கு இது வேண்டாம் என்று எழுதி வைக்க ஒரு நோட்டாவது அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்து பேச இடமில்லாதவன்தான் சாலையில் நிற்கிறான். பிறகு போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவன் மீதே வழக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு சட்டத்தில் பிறந்ததல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 73, 74ஆவது திருத்தங்கள் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாகத்தான் வந்தன. ஊராட்சிகளுக்கான திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், நகரங்களுக்கானது அதே ஆண்டு ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று 243எஸ் பிரிவு சொன்னது. ஒரு வார்டுக்கு ஒரு குழு என்றும் அமைக்கலாம், பல வார்டுகளைச் சேர்த்து ஒரு குழு என்றும் அமைக்கலாம் என்று அதில் ஒரு வழி விட்டிருந்தார்கள். அந்தச் சந்துக்குள்தான் எல்லோரும் புகுந்துகொண்டார்கள். சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2011இல் 174 சதுர கிலோமீட்டர் 426 ஆக விரிந்தது. 200 வார்டுகள், 15 மண்டலங்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விரிந்த நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 66 லட்சத்து 70 ஆயிரம். மண்டலத்துக்குச் சராசரி நாலரை லட்சம் பேர். மண்டலக் குழுவை வைத்துக்கொண்டு வார்டு குழு இருக்கிறது என்று கணக்குக் காட்டினால், நாலரை லட்சம் பேருக்கு ஒரு திண்ணை என்று பொருள். அதில் எந்தக் குடிமகன் போய் உட்காருவான்?

பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. அதை மறைக்கக் கூடாது. 2022 ஜூனில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள். பகுதிப் பிரதிநிதிகள் சேர்ந்து கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தபோது, தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். முதலமைச்சர் வந்த கூட்டம் என்பதால் மேடை, பந்தல், தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. நகரவாசிக்கும் கிராம சபை வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பந்தலைப் பிரித்தவர்கள் நம்பிக்கையையும் சேர்த்தே பிரித்துக்கொண்டு போவார்கள் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

விதியிலேயே ஓர் ஊனம் இருந்தது. பகுதியின் பிரதிநிதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர், நியமிக்கப்படுபவர். நியமனம் என்று வந்துவிட்டால் யாரைப் போடுவார்கள்? வட்டச் செயலாளரின் மைத்துனரைப் போடுவார்கள். தேர்தலில் பூத் பார்த்தவரைப் போடுவார்கள். தெருவில் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்று மூன்று வருடமாக அலைந்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை ஒருநாளும் போட மாட்டார்கள், ஏனென்றால் அவர் கேட்பார். கேட்பவருக்காக ஏற்பட்ட சபையில் கேட்காதவர்களை நிரப்பினால் அந்தச் சபை எதற்கு? பகுதிப் பிரதிநிதியை அந்தப் பகுதியின் சபையே கை தூக்கியோ சீட்டு எழுதியோ தேர்ந்தெடுக்கும்படி விதியைத் திருத்த வேண்டும். முதல் கோரிக்கையாக இதை வைக்கிறோம்.

ஊனம் விதியில் மட்டும் இல்லை, நடைமுறையிலும் இருக்கிறது. 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவில் நகர்ப்புற மன்றங்களின் பாதி இடங்கள் பெண்களுக்கு. பெண்கள் வென்று வந்தார்கள். சென்னையின் மேயர் நாற்காலியிலும் ஒரு பெண் அமர்ந்தார். மன்றத்தில் துணிந்து பேசும் பெண் கவுன்சிலர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் வார்டில் கூட்டம் என்றால் கவுன்சிலரின் கணவர் மைக் பிடிக்கிறார், அதிகாரிகளும் அவரிடமே "அண்ணே" என்று பேசுகிறார்கள். மக்கள் வாக்களித்தது அவருக்கு அல்ல. ஆணையர்கள் தங்கள் உதவிப் பொறியாளர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் ஒரு வரியில் உத்தரவு போட்டால் இது நாளையே நிற்கும்: தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தவிர வேறு யாரிடமும் வார்டு வேலை குறித்துப் பேசக் கூடாது.

இனி வரிக்கு வருவோம். 2022 மார்ச் 2 அன்று புதிய மன்ற உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. குடியிருப்புகளுக்கு 25 சதவீதத்தில் தொடங்கி, சென்னையின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதம் வரை. பதினைந்தாவது நிதிக் குழு மானியத்துக்கு நிபந்தனை போட்டிருக்கிறது, உயர்த்தாவிட்டால் பணம் வராது என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கத்தில் உண்மை இருந்தது. உள்ளாட்சிகள் பிச்சைக்காரர்களாக இருக்க வேண்டும் என்று நாமும் விரும்பவில்லை. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் பணம் வேண்டும், வரி கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றைப் பாருங்கள். நிதிக் குழு போட்ட நிபந்தனையை நிறைவேற்ற முப்பது நாள் போதுமானதாக இருந்தது. அரசமைப்புச் சட்டம் போட்ட கடமைக்கு விதி எழுதவே 1993இலிருந்து 2022 வரை ஆனது. வாங்கும் காரியத்தில் இருக்கும் வேகம் பதில் சொல்லும் காரியத்தில் ஏன் இல்லை? பிறகு 2024 செப்டம்பரில் சென்னை மன்றம் மேலும் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்துக்கு முன், எந்தப் பகுதியிலாவது மக்களைக் கூட்டி, இவ்வளவு வசூலானது, உங்கள் வார்டில் இவ்வளவு செலவானது, இன்னும் இவ்வளவு தேவை என்று ஒரு காகிதத்தை விரித்துக் காட்டியிருந்தால் முணுமுணுப்போடாவது ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள் வரி கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி என்று குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியும் சொல்கிறார்கள். அதே கைப்பேசி எண், அதே ஒலிபெருக்கி, பகுதி சபை நாளைச் சொல்ல மட்டும் எப்படி மறந்துபோகிறது?

அந்தக் குறுஞ்செய்தியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சாதாரணக் குடும்பத்துக்கு உள்ளாட்சி என்பது இன்று அந்தக் கைப்பேசித் திரைதான். சென்னையில் புகார் எண் 1913. மற்ற ஊர்களிலும் எண்ணும் செயலியும் இருக்கின்றன. புகாரைப் பதிந்ததும் எண் வருகிறது. ஓரிரு நாளில், "தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்று அடுத்த செய்தி வருகிறது. உண்மையிலேயே வேலை முடிந்து வரும் செய்திகளும் உண்டு. இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கு ஏணியோடு வந்து நிற்கும் ஒயர்மேனையும், மழையில் வடிகாலுக்குள் இறங்கி அடைப்பெடுக்கும் தொழிலாளியையும் இந்த ஏடு என்றும் வணங்கும். குற்றம் அவர்கள்மீது அல்ல. வேலை முடியாமலே செய்தி அனுப்பும் மேசைமீது.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் கதை இது. ஊரின் பெயரை இதிலும் விட்டுவிடுகிறோம். வீட்டு வாசலில் கழிவுநீர் தேங்குகிறது என்று அவர் புகார் செய்தார். முடித்துவைக்கப்பட்டது என்று செய்தி வந்தது. இணைப்பில் ஒரு புகைப்படம். காய்ந்த சிமென்ட் தரை, ஓரத்தில் ஒரு நீலக் கதவு. அவர் தெருவில் நீலக் கதவே கிடையாது. அது எந்தத் தெரு என்று பேரனை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். நான்கு தெரு தள்ளி இருந்தது. திரும்பப் புகார் செய்தார். "ஏற்கெனவே தீர்க்கப்பட்ட புகார்" என்று நிராகரித்தார்கள். மூன்றாம் முறை நேரில் போனபோது, "ஏ.இ. சார் சைட்டுக்குப் போயிருக்கார்" என்றார்கள். கழிவுநீரைத் தாண்டிப் போவதற்கு அவர் இன்று நான்கு செங்கல் போட்டிருக்கிறார். எழுபத்து நான்கு வயது. கைத்தடியை முதல் செங்கல்லில் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்கு மாறுகிறார்.

இதைச் சோம்பல் என்று எழுதிக் கடந்துவிட முடியாது. பொய்யான தகவலை அரசு ஆவணத்தில் பதிவது குற்றம். மாதக் கடைசியில் மேலதிகாரிக்குக் காட்டும் அட்டவணையில் "நிலுவை" என்ற கட்டம் குறைய வேண்டும் என்பதற்காகக் கீழே இருப்பவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்றால், அந்த அட்டவணையை வைத்து மதிப்பெண் போடும் மேலதிகாரிகளே முதல் பொறுப்பு. எத்தனை புகார் முடிந்தது என்று கேட்பவர்கள், புகார் கொடுத்தவர் முடிந்ததாக ஒப்புக்கொண்டாரா என்று கேட்கவில்லை. இனி எந்தப் புகாரும் புகார்தாரர் சரி என்று சொல்லாமல் முடித்துவைக்கப்படக் கூடாது. அவர் இல்லை என்று சொன்னால் அது தானாகப் பகுதி சபையின் அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டாவாகப் போக வேண்டும். அங்கே உதவிப் பொறியாளர் எழுந்து நின்று பதில் சொல்லட்டும். நீலக் கதவுப் புகைப்படத்தைத் தெருக்காரர்கள் முப்பது பேர் முன்னால் யாரும் காட்ட மாட்டார்கள். சபை கூடினால் பாதிப் பொய் தானே நின்றுவிடும். அதிகாரிகள் சபையைக் கண்டு தயங்குவதும் அதனால்தான் என்று கருத இடமிருக்கிறது.

"கூப்பிட்டா ஜனங்க வர்றதில்லை சார்" என்பது வழக்கமான பதில். வேலை நாளில் காலை பதினொன்றரைக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்காரர் எப்படி வருவார்? வீட்டு வேலைக்குப் போகும் பெண் எப்படி வருவார்? ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அம்மன் கோவில் வாசலிலோ பள்ளிவாசல் தெருவிலோ ரேஷன் கடைப் பக்கத்திலோ வைத்துப் பாருங்கள். குடத்தோடு வருவார்கள். இன்னொரு பதில், "விட்டா கட்சிச் சண்டையாயிடும்." ஆகட்டும். நாலு பேர் குரலை உயர்த்துவார்கள், ஐந்தாவது ஆள் சமாதானம் சொல்வார். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நடக்காத சண்டையா? சண்டை வரும் என்று அவற்றை மூடிவிடவில்லையே.

பதில் சொல்லும் மன்றம் இல்லாமல் போனால் ஒரு நகரத்துக்கு என்ன நேரும் என்பதைச் சென்னையைவிட நன்றாக அறிந்த ஊர் கிடையாது. 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கிய மாநகராட்சி அது, இந்தியாவிலேயே பழையது. உள்ளாட்சியில் மக்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்த வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது அதன் மாளிகை. அந்த மாளிகையில் 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள். அதோடு முடிந்ததா? 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடியவிருந்தபோது தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்தலை வைக்காமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். தமிழ்நாட்டு நகரங்கள் முழுவதும் 2022 வரை சிறப்பு அதிகாரிகளின் கையில் இருந்தன. அந்த இடைவெளியில்தான் வர்தா புயல் வந்தது. அப்போதுதான் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கொரோனாவின் முதல் இரண்டு அலைகளும் அப்போதுதான். பிணவறை வாசலிலும், ஆக்சிஜன் கேட்டு ஓடிய இரவிலும் ஒரு வார்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்கத் தன் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. அதிகாரிகள் உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றவர் எவரும் வார்டில் இல்லை. 2018இல் சொத்து வரியை உயர்த்தியபோதும், எதிர்ப்பு வலுத்து 2019 இறுதியில் அதை நிறுத்திவைத்தபோதும், இரண்டையும் விவாதிக்க ஒரு மன்றம் இருக்கவில்லை.

மன்றத்தின் காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒருநாளும் இல்லை. அது முடிவதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று 243யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. ஊரகத்தில் ஏற்கெனவே என்ன நடந்தது என்று பார்த்துவிட்டோம். 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5 அன்று காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். பக்கத்திலே பெங்களூரில் 2020 செப்டம்பரில் மன்றத்தின் காலம் முடிந்து, ஐந்தாண்டு கடந்தும் வாக்குப்பதிவு நடக்கவில்லை. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சுழற்சி, எல்லை விரிவாக்கம் என்று காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். அந்த வேலைகளை எப்போது முடித்தால் தேர்தலுக்குப் பொருந்தும் என்பது ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்த கணக்கு. கடைசி மாதத்தில் நீதிமன்றப் படியேறித் தள்ளிப்போட வைப்பது அறியாமல் செய்யும் பிழை ஆகாது. இந்த முறை அப்படி நடந்தால் ஆளும் கட்சி எதுவாக இருந்தாலும் அதை மக்கள் விரோதம் என்றே இந்த ஏடு எழுதும்.

எல்லை விரிவாக்கம் என்றதும் ஒரு வேதனை மனத்தில் நிற்கிறது. 2011இல் சென்னையோடு 25 ஊராட்சிகள் இணைந்தன. அதற்கு முன் ஆண்டுதோறும் கிராம சபையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். எல்லைக் கோடு நகர்ந்த அன்றே கிராம சபை போய்விட்டது. அதற்குப் பதிலாக 2022 வரை எதுவும் வரவில்லை. 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது ஊர் ஊராக மக்கள் எதிர்த்தார்களே, வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்று சொன்னார்களே, அவர்கள் பட்டியலில் கிராம சபையும் இருந்தது. நகரமாவது என்றால் வாய் மூடிக்கொள்வது என்று பொருளா? இணைக்கப்படும் ஒவ்வோர் ஊராட்சியிலும், இணைப்பு நடைமுறைக்கு வரும் அன்றே பகுதி சபையைக் கூட்ட வேண்டும். கூட்ட முடியாது என்றால் இணைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ பாதிப் பேர் நகரத்தில் வாழ்கிறார்கள். 2011 கணக்கிலேயே 48 சதவீதத்துக்கு மேல். இன்று நிச்சயம் கூடியிருக்கும். இவர்களுக்குக் கேட்க ஓர் இடம் கொடுப்பதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், உலக வங்கிக் கடன் வேண்டாம், ஆலோசகர் நிறுவனம் வேண்டாம். இரண்டு காரியங்களைச் செய்தால் போதும். பிரதிநிதியைச் சபையே தேர்ந்தெடுக்கும்படி விதியைத் திருத்துவது ஒன்று. கிராம சபையைப்போலக் குறித்த நாளில் தவறாமல் கூட்டுவது மற்றொன்று. நிறைவேற்றுவதற்குச் சில கட்டாயங்கள் வேண்டும்: ஏழு நாள் முன்பே அறிவிப்பு, தீர்மானத்தைச் சபையில் உரக்கப் படித்த பிறகே கையெழுத்து, முந்தைய கூட்டத்தில் சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று கவுன்சிலரும் உதவிப் பொறியாளரும் சேர்ந்து சொல்லும் பதில். வார்டின் வேலைகள், எஸ்டிமேட் தொகை, கான்ட்ராக்ட் எடுத்தவர் பெயர், முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றைத் தெருவில் பலகையாக வைக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு இதையெல்லாம் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்லி 2005இலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது. கூட்டம் கூட்டாத கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியை அடுத்த கூட்டம் வரை நிறுத்திவைக்க வேண்டும். கடுமையாகத் தோன்றும். இதைவிட இளகிய எதுவும் இதுவரை வேலை செய்யவில்லை.

நகராட்சி நிர்வாக இயக்குநர் அலுவலகமும் சென்னை மாநகராட்சி ஆணையரும் ஒரு பட்டியலை வெளியிட வேண்டும். 2022 நவம்பர் 1க்குப் பிறகு எந்த வார்டில், எந்தப் பகுதியில், எந்தத் தேதியில் சபை கூடியது, எத்தனை பேர் வந்தார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள். கூடாத இடத்துக்கு நேரே "கூடவில்லை" என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இதில் விலக்கு இல்லை. ஒரு மாதம் தாராளம். நோட்டுகள் அலுவலகங்களில்தான் இருக்கின்றன.

அந்த வேப்பங்கிளை இப்போது காய்ந்து இலை உதிர்ந்துவிட்டது. சென்ற வாரம் யாரோ அதைப் பிடுங்கிவிட்டுப் பச்சைக் கிளை ஒன்றை நட்டிருக்கிறார்கள். சிவப்புத் துணி பழையதுதான். அந்த வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதி வார்டு அலுவலகக் கதவிலும் ரேஷன் கடைச் சுவரிலும் இந்த மாதத்துக்குள் ஒட்டுங்கள். முதல் அஜெண்டா: மூடி.